தலையணை உறைக்கு ஒரு ரசீது

எங்கள் தெருவில் சட்டம் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று ரொம்ப நாளாக நம்பிக்கொண்டிருந்தேன். அச்சகம் வைத்திருப்பவனுக்கு வரும் வியாதி அது. அடுத்தவர் மனு, அடுத்தவர் ஒப்பந்தம், அடுத்தவர் கண்டன அறிக்கை என்று முப்பது வருஷம் அச்சடித்துத் தள்ளினால், எல்லாவற்றையும் நாமே எழுதியது போல ஒரு மிதப்பு வந்துவிடும். என் மனைவி இதை வேறு மாதிரி சொல்வாள். "ஜாதகம் அச்சடிக்கிறவன் ஜோசியன் ஆயிடுவானா?" என்பாள். அவளிடம் நான் என்ன சொன்னாலும் எடுபடாது.

அந்த மிதப்பில் ஒரு தெருவையே கவிழ்க்கப் பார்த்தேன். கவிழாமல் பிடித்து நிறுத்தியவர் எங்கள் கட்டடத்தின் பின்பக்கம் லாண்ட்ரி நடத்தும் அம்மா. அவருக்கு நேரில் நன்றி சொல்ல நாலைந்து முறை போனேன். போகும்போதெல்லாம் தொட்டியில் கையை விட்டபடி, "என்னண்ணே, சட்டை ரெடியாகலையே இன்னும்" என்பார். நானும் சரி சரி என்று திரும்பி வந்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் குறுக்கே பேச மாட்டார் அல்லவா?

அவர் இங்கே வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. முன்பக்கம் என் அச்சகம், மாடியில் எங்கள் குடித்தனம், பின்பக்கம் இரண்டு அறையும் ஒரு முற்றமும் காலியாகக் கிடந்தன. கணவரோடு இடம் பார்க்க வந்தவர் அறைகளை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேராக முற்றத்துக்குப் போய் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தார். "வெயில் எத்தன மணி வரைக்கும் இருக்கும்ணே?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தன் வீட்டு முற்றத்தில் வெயில் எப்போது போகிறது என்று எந்த வீட்டுச் சொந்தக்காரனுக்குத் தெரியும்? மறுநாள் காலையில் வந்து, சாயங்காலம் வரை அங்கேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். "நாலரை வரைக்கும் இருக்கு. எடுத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கடுத்த வாரம் முற்றத்தில் பதினோரு கொடிகள் கட்டியாகிவிட்டது. இரண்டு லாட்ஜ்களின் படுக்கை விரிப்பு, ஒரு கிளினிக்கின் வெள்ளைக் கோட்டு, முடிவெட்டும் கடைத் துண்டு, தெருக்காரர்களின் துணி, எல்லாம் அங்கேதான் காயும். துவைப்பது அந்த அம்மா, இஸ்திரி போடுவது அவர் கணவர். அந்த மனிதர் வாயைத் திறந்தால் இஸ்திரிப் பெட்டி ஆறிவிடும் என்று யாரோ அவரிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். பதினெட்டு வருஷத்தில் என்னோடு மொத்தமாகப் பேசியதை ஒரு விசிட்டிங் கார்டில் அடித்துவிடலாம்.

அந்த அம்மாவிடம் ஒரு கைக்குட்டை கொடுத்தாலும் ரசீது உண்டு. என்ன துணி, எத்தனை, என்ன நிறம் என்று எழுதுவார். அதற்குக் கீழே இன்னொரு வரி: "கறை". கொடுக்கும்போதே துணியில் என்ன கறை இருக்கிறதோ அதை எழுதி, உங்கள் கண் முன்னால் காட்டி, ஒரு தாளை உங்களிடம் கிழித்துக் கொடுத்துவிட்டு, கார்பன் பிரதியைத் தன்னிடம் வைத்துக்கொள்வார். எனக்கு வரும் ரசீது பதினெட்டு வருஷமாக ஒரே மாதிரிதான்: "சட்டை 3. கறை: மை."

"ஏம்மா, நான் பிரஸ்காரன்னு ஊருக்கே தெரியும். இதப் போய் ஒவ்வொரு தடவையும் எழுதணுமா?" என்று சண்டை போடுவேன்.

"இருக்கறதத்தானேண்ணே எழுதறேன்" என்பார்.

ரசீதம்மா என்று அவருக்குப் பெயர் வைத்தது நான்தான். தெரு முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. அந்த ரசீதுப் புத்தகங்களை அச்சடித்துக் கொடுப்பதும் நான்தான் என்பது வேறு விஷயம். ஒரு முறை நானூற்றுப் பதினேழாம் எண் விட்டுப்போய்விட்டது என்று கட்டு முழுவதையும் தூக்கி வந்து என் மேசையில் வைத்துவிட்டார். ஒரு எண்ணுக்காகப் புத்தகத்தையே மறுபடி அடிக்க வைத்த வாடிக்கையாளர் எனக்கு அவர் ஒருவர்தான்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை என் மனைவியிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். சின்ன வயதில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. ஒரு டாக்டரின் கோட்டு, முதுகில் ஓட்டை விழுந்து வந்திருக்கிறது. வரும்போதே அப்படித்தான் இருந்தது என்று சொன்னார். யாரும் நம்பவில்லை. வேலை போனதுகூட அவருக்குப் பெரிதாகப் படவில்லை. பத்துப் பேர் முன்னால் பொய்க்காரி என்று சொல்லி அனுப்பினார்கள், அதுதான் தொண்டையில் நின்றுவிட்டது. "வாயால சொன்னா நிக்காது அண்ணி. ஒரு சீட்டு இருந்திருந்தா அன்னிக்கு நான் தலை நிமிந்து வெளிய வந்திருப்பேன்" என்றாராம். என் மனைவி இதைச் சொன்ன பிறகும் நான் ரசீதம்மா என்றுதான் கூப்பிட்டேன். நான் எப்படிப்பட்டவன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். போன வருஷம் ஆரம்பத்தில் ஒரு பெரிய பேப்பர் வெட்டும் இயந்திரம் வாங்க நினைத்தேன். அதை வைக்க இடம் வேண்டும். முற்றத்துக்குக் கூரை போட்டுவிடலாம் என்று தோன்றியது. வருஷக் கடைசிக்குள் முற்றத்தைக் காலி செய்து தரும்படி அந்த அம்மாவுக்கு ஒரு நோட்டீஸ் கொடுத்தேன். முற்றம் இல்லாத லாண்ட்ரி என்பது தண்ணீர் இல்லாத லாண்ட்ரி மாதிரிதான், அது எனக்கும் தெரியும். ஆனால் நோட்டீஸ் அவ்வளவு அழகாக வந்திருந்தது. நல்ல தாள், நாலு பக்கமும் கோடு, சொல்லுக்குச் சொல் அளவெடுத்து வைத்தாற்போல. அவர் வாங்கிப் படித்துவிட்டு, "வாங்கிக்கிட்டேன்" என்று எனக்கே ஒரு ரசீது எழுதிக் கொடுத்தார்.

அடுத்த மாதமே தெருக்கோடி விளக்குக் கம்பத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். தெரு முடிந்து, ஒரு வாய்க்கால் தாண்டி, பெரிய காலி மனை இருக்கிறது. அதில் கல் உடைக்கும் ஆலை வைக்க ஒரு கம்பெனி அனுமதி கேட்டிருந்தது. அந்த நிலத்தை அப்படிப் பயன்படுத்தலாமா, சுற்றுப்புறம் கெடாதா என்று பார்த்து முடிவு செய்ய ஒரு குழு. அந்தக் குழு நடத்தும் விசாரணைக்கு யார் வேண்டுமானாலும் வரலாம் என்று போட்டிருந்தது. அறிவிப்பு ஒட்டிய கையோடு கம்பெனி மூன்று நாள் இயந்திரத்தை ஓட்டிப் பார்த்தது. மூன்றாவது நாள் காலையில் நான் மாடி ஜன்னலைத் திறந்தால், பதினோரு கொடியிலும் தொங்கிய வெள்ளைத் துணி எல்லாம் சாம்பல் நிறத்தில் இருக்கிறது. லாட்ஜ் விரிப்புகள் மட்டும் நாற்பது. அந்த அம்மா நடுவில் நின்று ஒவ்வொன்றாக உதறிக்கொண்டிருந்தார். உதற உதறத் தும்மல். கணவர் இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு வெளியே வந்தார். அதற்கு முன் அப்படி நான் பார்த்ததில்லை. நாற்பதையும் திரும்பத் துவைத்தார்கள். ஆலை வந்தால் தினமும் அப்படித்தான். இரண்டு மாதம்கூடத் தாங்காது அந்த லாண்ட்ரி.

நான் களத்தில் இறங்கினேன். மனு எழுதினேன், அச்சடித்தேன், வீடு வீடாகப் போய் இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து வாங்கினேன். அதோடு விட்டிருக்கலாம். விசாரணைக்கு முதல் நாள் தெருக்காரர்களை அச்சகத்தில் கூட்டி ஒரு பிரசங்கம் செய்தேன்.

"நாளைக்கு வாசல்ல ஒரு பதிவேடு வச்சிருப்பாங்க. யாரும் அதுல கையெழுத்துப் போடாதீங்க. போட்டோம்னா, எல்லாரும் வந்தாங்க, ஒத்துக்கிட்டாங்கன்னு எழுதிக்குவாங்க. உள்ள போறோம், மனுவைக் குடுக்கறோம், கோஷம் போடறோம், வெளிய வந்துடறோம். விசாரணையே செல்லாமப் போயிடும்!"

கை தட்டினார்கள். இதெல்லாம் எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஏதாவது ஒரு பிரிவு எண்ணை எடுத்து விட்டிருப்பேன்.

மறுநாள் அப்படியே செய்தோம். அறுபது எழுபது பேர் உள்ளே போனோம், மனுவை மேசையில் வைத்தோம், தொண்டை கிழியக் கத்தினோம், விறுவிறுவென்று வெளியே வந்தோம். பதிவேட்டில் ஒரு கையெழுத்துகூட இல்லை. வெற்றி பெற்ற பட்டாளம் மாதிரி வாசலில் நின்றோம். எண்ணிப் பார்த்தால் ஒரு ஆள் குறைகிறது.

"ரசீதம்மா எங்க?" என்றேன்.

அவர் கணவர் உள்ளே கையைக் காட்டினார். "உள்ள. ரசீது வாங்கிட்டு வருவா."

எல்லோரும் சிரித்தோம். என் சிரிப்புதான் அதிகம்.

உள்ளே நடந்ததைப் பிறகு அங்கிருந்த குமாஸ்தா சொல்லித்தான் கேள்விப்பட்டேன். அந்த அம்மா ஒரு பையில் இரண்டு தலையணை உறை கொண்டுபோயிருக்கிறார். இரண்டும் அவர் வீட்டுடையது. வாடிக்கையாளர் துணியில் கை வைக்க மாட்டார். ஒன்று இயந்திரம் ஓடுவதற்கு முன்னால் காய்ந்தது, இன்னொன்று ஓடிய நாளில் காய்ந்தது. கோஷத்துக்கு நடுவில் இரண்டையும் குழுவின் மேசையில் விரித்து வைத்துவிட்டார். வைத்தாகிவிட்டது, இனி எப்படிச் சீட்டு வாங்காமல் வெளியே வருவது? நாங்கள் எல்லோரும் வெளியேறிய பிறகு காலியான கூடத்தில் தனியாக நின்று, "இதுக்கு ஒரு ரசீது குடுங்க" என்று கேட்டிருக்கிறார்.

"அப்படி ரசீதெல்லாம் எங்ககிட்ட கிடையாதும்மா" என்றாராம் குமாஸ்தா.

"என்கிட்ட இருக்கு" என்று தன் புத்தகத்தை எடுத்து, அவரே எழுதி, முத்திரை போடச் சொல்லி நீட்டியிருக்கிறார். "தலையணை உறை 2. வெள்ளை. ஒன்றில் கறை: கல் தூசி. கொடுத்த காரணம்: ஆலை வேண்டாம்."

குமாஸ்தா நல்ல மனிதர். தட்டிக்கழித்து அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. முத்திரை போட வேண்டுமென்றால் ஒரு எண் வேண்டும். எண் வேண்டுமென்றால் பதிவேட்டில் பெயர் வேண்டும். பெயர் எழுதினால் என்ன சொன்னார் என்பதையும் எழுத வேண்டும். ஆலை வந்தால் தன் லாண்ட்ரி நிற்காது என்று அவர் சொன்னது உட்பட எல்லாவற்றையும் எழுதி, கையெழுத்து வாங்கி, முத்திரை குத்திக் கொடுத்தார். பதிவேட்டின் முதல் பக்கத்தில் முதல் எண் அந்த அம்மா. இரண்டாவது எண் கிடையாது. அந்த குமாஸ்தாவின் முகம்கூட எனக்குச் சரியாக நினைவில்லை, ஆனால் அவர் நன்றாக இருக்க வேண்டும்.

ஆறு வாரத்தில் முடிவு வந்தது. ஆலைக்கு அனுமதி.

நான் குழுவின் முடிவையும் மனுவையும் கட்டித் தூக்கிக்கொண்டு ஒரு வக்கீலம்மாவிடம் போனேன். என் வயதில் பாதி இருப்பார். மேல்முறையீடு செய்யப்போகிறோம், தெருவே தயார் என்றேன். அவர் எல்லாவற்றையும் நிதானமாகப் புரட்டிவிட்டு, "விசாரணையில யார் யார் பங்கெடுத்தீங்க?" என்று கேட்டார்.

"எல்லாரும். இருநூத்திப் பன்னண்டு கையெழுத்து."

"மனுவுல கையெழுத்துப் போட்டா பங்கெடுத்ததா ஆகாது சார். இந்த மாதிரி அனுமதிய எதுத்து கோர்ட்டுக்கு யார் போலாம்னு கணக்கு இருக்கு. அனுமதி கேட்டவங்க போலாம். நகராட்சி போலாம். அத விட்டா, ஆலையால நேரா பாதிக்கப்படறவங்க போலாம், ஆனா அவங்க விசாரணையிலயே வந்து, பேர் குடுத்து, தன்னோட பாதிப்பு என்னன்னு சொல்லியிருக்கணும். ஊருக்குப் பொதுவா கெடுதல்னு சொன்னா போதாது. பதிவேட்டுல உங்க பேர் இருக்கா?"

"இல்ல. யாரும் போடக் கூடாதுன்னு சொன்னதால போடல."

"யாரு சொன்னது?"

"நான்தான்."

வக்கீலம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. முடிவு வந்த நாளிலிருந்து முப்பது நாள்தான் கெடு, ஒன்பது நாள் போய்விட்டது என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "பேர் குடுக்காம வெளிய வந்தது நீங்க எல்லாம். உள்ள இருந்தது யாரு?" என்றாள்.

இரண்டு பேரும் படியில் இறங்கி ஓடினோம். அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து, மாதவாரியாகக் கட்டி வைத்த சீட்டுகளில் ஒரு கட்டைப் பிரித்து, அந்த ரசீதை எடுத்துக் கொடுத்தார். எண், தேதி, முத்திரை, எல்லாம் இருந்தது. அதைக் கையில் வாங்கியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன்.

"பத்திரம்ணே, ஈரக்கை படாமப் பிடிங்க" என்றார்.

இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் கோர்ட் படி ஏறும் உரிமை ஒருவருக்குத்தான் இருந்தது. அதுவும் என் வீட்டில் வாடகைக்கு இருப்பவருக்கு. அவர் பெயரில் மேல்முறையீடு போனது. அன்றிலிருந்து தெருவில் அவரை யாரும் ரசீதம்மா என்று கூப்பிடவில்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் கொஞ்ச நாள் எல்லோரும் வெறுமனே வணக்கம் சொன்னார்கள்.

ஒரு நாள் லாண்ட்ரி வாசலில் கம்பெனி மேனேஜரின் கார் நின்றது. அந்த அம்மா மனம் மாறி வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் எல்லாம் அன்றோடு முடிந்தது. மாறினால் நான் எந்த முகத்தோடு கேட்பது? கூரை போடுவதற்கு நோட்டீஸ் கொடுத்தவன் அல்லவா நான்? அதைப் பற்றி, "கேஸ் முடியட்டும்மா, அப்புறம் பாத்துக்கலாம்" என்று ஒரு முறை சொல்லியிருந்தேன். நோட்டீஸைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இயந்திர ஆசை விடவில்லை, அதுதான் உண்மை.

கார் போனதும் இறங்கிப் போனேன். ஊரின் அந்தக் கோடியில் பெரிய கூடம், துணி உலர்த்தும் மெஷின் நாலு, எல்லாம் தருவதாகச் சொன்னாராம் மேனேஜர்.

"நீங்க என்னம்மா சொன்னீங்க?"

"எழுதிக் குடுங்கன்னேன். போயிட்டாரு."

"எழுதிக் குடுத்திருந்தா?"

அவர் ஒரு விரிப்பைப் பிழிந்தார். "அப்பவும் போயிருக்க மாட்டேன்ணே. தெருவே என் பேருல தொங்குது. பாதி ஈரத்துல கொடியிலருந்து எடுக்கற பழக்கம் எனக்கில்ல."

அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

கோர்ட்டில் முதல் கேள்வியே, இந்த அம்மாவுக்கு மேல்முறையீடு செய்ய உரிமை உண்டா என்பதுதான். தூசி, கல், வாய்க்கால் எல்லாம் அதற்குப் பிறகு. தெருவில் பாதிப் பேர் பின்வரிசைகளில் உட்கார்ந்திருந்தோம். வக்கீலம்மா ரசீதைக் காட்டினார், பதிவேட்டைக் காட்டினார். நீதிபதி தலையாட்டினார். கம்பெனி வக்கீல் எழுந்தார். இவர் நிலத்துக்கோ வீட்டுக்கோ சொந்தக்காரர் இல்லை, வாடகைக்கு இருப்பவர் என்றார். அதற்கு வக்கீலம்மா தயாராக இருந்தார். ஆனால் அடுத்ததற்கு யாரும் தயாராக இல்லை.

"அதுமட்டுமில்லை. துணி காயும் அந்த முற்றத்தையே இந்த வருடக் கடைசிக்குள் காலி செய்யும்படி வீட்டு உரிமையாளர் இவருக்கு நோட்டீஸ் கொடுத்திருக்கிறார். ஆலை ஓடத் தொடங்கும்போது இவர் அங்கே இருக்கவே போவதில்லை. பிறகு என்ன பாதிப்பு?" என்று ஒரு தாளை உயர்த்திக் காட்டினார்.

பின்வரிசையிலிருந்தே எனக்கு அடையாளம் தெரிந்தது. நாலு பக்கமும் கோடு. என் கைவண்ணம்.

அது எப்படி அங்கே போனது? அச்சகத்தில் ஒரு ஆல்பம் வைத்திருக்கிறேன். நான் அடித்ததிலேயே அழகாக வந்த கடிதங்களை அதில் ஒட்டி, வருகிறவர்களுக்குக் காட்டுவேன். அந்த நோட்டீஸின் ஒரு பிரதியையும் ஒட்டியிருந்தேன், அந்த அம்மாவின் பெயரோடு, என் கையெழுத்தோடு. இரண்டு மாதத்துக்கு முன் மேனேஜர் விசிட்டிங் கார்டு அடிக்க வந்திருந்தார். சண்டை வேறு, வியாபாரம் வேறு என்பது என் கொள்கை. ஆல்பத்தை நானேதான் அவர் மடியில் வைத்தேன். "இதப் பாருங்க சார், என்ன நறுக்கு!" என்று சொன்னதுகூட நினைவிருக்கிறது. அவர் பாராட்டி, செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நான் எழுந்துவிட்டேன். "ஐயா, அது நான் கொடுத்தது. அத வந்து..."

"நீங்கள் யார்? இந்த வழக்கில் ஒரு தரப்பா?" என்றார் நீதிபதி.

"இல்லைங்க."

"அப்படியானால் உட்காருங்கள்."

உட்கார்ந்தேன். வாழ்க்கையில் முதல் முறையாக எனக்குப் பேச உரிமை இல்லாத இடத்தில், நான் பேசியே ஆக வேண்டியிருந்தது.

நீதிபதி அந்த அம்மாவிடம் கேட்டார்: "இந்த நோட்டீஸ் உங்களுக்கு வந்தது உண்மையா?"

"உண்மைங்க. ரசீது குடுத்திருக்கேன்."

"திரும்பப் பெறப்பட்டதா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. நானும் பின்னாலிருந்து தலையை ஆட்டியிருப்பேன். அவர் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இல்லைங்க" என்றார்.

மதிய இடைவேளை விட்டார்கள். வெளியே மரத்தடியில் யாரும் என்னோடு பேசவில்லை. என் மனைவி மட்டும் பக்கத்தில் வந்து, பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, இரண்டு தாளைக் கிழித்து நீட்டினாள். "எழுதுங்க."

"பிரஸ்ல போய் நல்லா அடிச்சு..."

"கையால எழுதுங்க."

பக்கத்தில் ஒருவரிடம் பேனா வாங்கினேன். ஒழுகும் பேனா. அளவு பார்க்கவில்லை, கோடு போடவில்லை. நான் கொடுத்த நோட்டீஸ் தவறு, அதைத் திரும்பப் பெறுகிறேன், அந்த முற்றம் அவர் விரும்பும் வரை அவருக்குத்தான், என் காலத்துக்குப் பிறகும் அப்படித்தான் என்று எழுதினேன். கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மைத்துளி விழுந்துவிட்டது. இரண்டாவது தாளிலும் அதையே எழுதினேன். அதிலும் விழுந்தது. ஒன்றை வக்கீலம்மா வாங்கிக்கொண்டு, பிரமாணப் பத்திரமாக்க என்னை நோட்டரியிடம் இழுத்துக்கொண்டு ஓடினார். இன்னொன்றை அந்த அம்மாவிடம் கொடுத்தேன். அவர் முழுக்கப் படித்துவிட்டு, மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ரசீது தரவில்லை. எனக்கு அதுதான் சுருக்கென்றது.

இரண்டு வாரம் கழித்து நீதிபதி சொன்னார்: நோட்டீஸ் திரும்பப் பெறப்பட்டுவிட்டது. சொந்தப் பத்திரம் இருப்பவருக்கு மட்டும்தான் பாதிப்பு என்று சட்டம் சொல்லவில்லை. அந்த இடத்தில் இருந்து, அந்த வெயிலையும் காற்றையும் நம்பிப் பிழைப்பவர், விசாரணைக்கு வந்து தன் பாதிப்பைத் தானே சொல்லிப் பதிவும் செய்தவர், மேல்முறையீடு செய்யலாம். அதன் பிறகு வழக்கு நடந்தது. தூசி எவ்வளவு தூரம் வரும் என்பதைக் குழு அளந்தே பார்க்கவில்லை என்று தெரியவந்தது. அளக்காமல் கொடுத்த அனுமதி ரத்தானது. கம்பெனி வேறு எங்கோ, வீடுகள் இல்லாத இடமாகப் பார்த்துப் போய்விட்டது.

அந்த அம்மா அன்று செய்த முதல் காரியம், ரசீதைக் காட்டி இரண்டு தலையணை உறைகளையும் திரும்ப வாங்கி வந்ததுதான். கூடவே அந்த குமாஸ்தாவின் இரண்டு சட்டைகளை வாங்கிவந்து, துவைத்து மடித்து, கொண்டுபோய்க் கொடுத்தார். "அவரு ஒரு முத்திர போடலேன்னா நான் திரும்பவும் பொய்க்காரிதான் அண்ணி" என்று என் மனைவியிடம் சொன்னார்.

ஆல்பத்தை நான் தூக்கிப் போட்டுவிட்டேன். பேப்பர் வெட்டும் இயந்திரம் வாங்கவில்லை. பழைய இயந்திரமே போதும், எனக்கும் வயதாகிறது. சாயங்காலம் நாலரை மணிக்கு மாடி ஜன்னலுக்கு வந்து நிற்கிறேன். முற்றத்தில் வெயில் எப்போது போகிறது என்று இப்போது எனக்கும் தெரியும்.

போன வாரம் இஸ்திரி போட்ட சட்டைகளை அவர் கணவர் கொண்டுவந்து கொடுத்தார். மேல் சட்டையின் பையில் ஒரு சீட்டு இருந்தது. வழக்கமான ரசீது, என் அச்சகத்துத் தாள், அந்த அம்மாவின் கையெழுத்து. தேதி மட்டும் பழையது, கோர்ட்டில் மரத்தடியில் நான் கடிதம் கொடுத்த நாள்.

"என்ன இது, இவ்வளவு நாள் கழிச்சு?" என்று கேட்டேன்.

அந்த மனிதர் வாயைத் திறந்தார். "அன்னிக்கே எழுதிட்டா. குடுக்க வெக்கப்பட்டா."

வாங்கிப் பார்த்தேன். "கடிதம் 1. வெள்ளை. கறை: மை. அப்படியே இருக்கட்டும்."